உறங்கிக் கிடந்த கோர்கள்

2025 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, செஞ்சி காந்தி பஜாரில் ஒரு வங்கிக் கிளையின் ஏ.டி.எம். ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. அதன் வாசலில் நின்ற ஓய்வூதியக்காரர்களின் கணக்கில் ஓய்வூதியம் ஏறியிருக்கவில்லை.

வரிசையில் முதலில் நின்றவர் தனகோட்டி, அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மீதியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் நேராக எதிரில் இருந்த மணிலா மண்டிக்குப் போய், கடலை மூட்டை மேல் உட்கார்ந்தார். மண்டி மகாவீருடையது. வீடு மேல்மாடியில். அந்த வங்கியின் பெரிய கம்ப்யூட்டரை அவருடைய மனைவி அனந்திதான் மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள் என்று பஜார் முழுக்க நம்பியது. அதனால் ஏ.டி.எம். கார்டை விழுங்கினாலும் சரி, செல்போனில் பணம் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலும் சரி, ஆட்கள் வங்கிக்குள் போகாமல் மண்டிக்குத்தான் வருவார்கள்.

"இன்னா நைனாரே, வீட்டம்மா இன்னிக்கு லீவா?" என்றார் தனகோட்டி.

"லீவெல்லாம் இல்ல டிரைவரே. காலைல உக்காந்தது, காபிக்குக் கூப்ட்டாலும் வரல. ஏதோ சிக்கல்" என்றார் மகாவீர். "எங்களுக்கும் சிக்கல்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

தனகோட்டிக்கு அது புரிந்தது. திருமணமான நாளிலிருந்து ஆறு வருஷம் அனந்தி சென்னையிலும் மகாவீர் செஞ்சியிலுமாக இருந்தார்கள். மண்டியை விட்டுவிட்டு அவரால் போக முடியாது. வேலையை விட்டுவிட்டு அவளால் வர முடியாது. ஒன்றரை வருஷமாகத்தான் வீட்டிலிருந்து வேலை என்று சொல்லி அவள் இங்கே இருக்கிறாள். மகள் இங்கேயே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஏற்பாடு நீடிக்குமா என்பது அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்திருந்தது.

அதற்கு முன் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது சென்னையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், இரண்டு பீரோக்களைச் சேர்த்து வைத்தது போன்ற அளவில் நிற்கிற ஒரு மெயின்பிரேம். வங்கியின் எல்லாக் கிளைகளின் கணக்கும் அதற்குள்தான். மார்ச் மாதம் ஒரு பராமரிப்பு வேலைக்காக அதன் ஒரு டிராயரை வெளியே இழுத்தபோது அனந்தி கூட நின்றாள். எத்தனையோ வருஷமாகத் திரையில் எண்களாக மட்டும் பார்த்து வந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். உள்ளங்கையில் அடங்கும் சில்லுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கோர் என்று சொல்லப்படுகிற கணக்குப் போடும் மூளைகள். இதில் பொது வேலைக்கான பிராசஸர் எது, தனி வேலைக்கானது எது என்று சர்வீஸ் என்ஜினீயரிடம் கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். பார்த்துச் சொல்ல முடியாது என்றார். எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒவ்வொரு கோரும் என்ன வேண்டுமானாலும் ஆகக்கூடியதாகத்தான் வருகிறது. எந்த லைசென்ஸ் வாங்கினோமோ, அதற்கேற்ற கட்டளை ஏற்றப்படும்போதுதான் அது இன்னதாகிறது. ஒன்று எல்லா வேலையும் செய்யும் பொது பிராசஸர். இன்னொன்று லினக்ஸ் மட்டும் ஓட்டும். மற்றொன்று தரவுத்தளத்துக்கும் செல்போன் செயலிகளுக்கும் மட்டும் உழைக்கும். அதை ஜிப் என்பார்கள். லைசென்ஸ் வாங்காத கோர்களும் அதே டிராயருக்குள், அதே குளிரில், மின்சாரம் பக்கத்தில் ஓட, உறங்கிக் கிடக்கும். இவை தவிர, ஏதாவது ஒன்று செத்தால் அதன் இடத்தை எடுத்துக்கொள்ள இரண்டு மாற்றுக் கோர்கள் எப்போதும் காத்திருக்கும்.

அவளை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. பொது பிராசஸர்களுக்குத்தான் மென்பொருள் கட்டணம். அவை எவ்வளவு உழைக்கின்றனவோ அவ்வளவு கட்டணம். அதனால் வங்கி குறைந்த வேகத்துக்குத்தான் லைசென்ஸ் எடுத்திருந்தது. முழு வேகத்தில் ஓடக்கூடிய கோர், ஒப்பந்தத்தில் எழுதிய வேகத்துக்கு மேல் ஓடாமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, அதே அச்சில் வார்த்த ஜிப், கட்டணக் கணக்கில் வராததால், முழு வேகத்தில் பறக்கிறது. சில்லில் இல்லாத வித்தியாசம், தாளில் எழுதியதால் உண்டாகி, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு வரைக்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் அவள் போனை எடுக்கவில்லை.

எந்த வேலை எந்தப் பிராசஸருக்குப் போக வேண்டும் என்று திட்டமிடுவதுதான் அவள் உத்தியோகம். வங்கியில் இரண்டு ஜிப்கள் இருந்தன. அவை நிரம்பிவிட்டால் மிச்ச வேலை தானாகப் பொது பிராசஸர்களுக்கு வழிந்து போகும். செல்போன் பரிமாற்றம் கூடக் கூட இந்த வழிதலும் கூடியது, அதோடு கட்டணமும் ஏறியது. கம்ப்யூட்டர் மையத்தின் தலைவர் பூபதி, பொது பிராசஸர்களின் வேகத்தைக் கூட்டி வாங்கிவிடலாம் என்றார். அனந்தி வேண்டாம் என்றாள். வழிதலை அடைத்தால் போதும், தேவைப்பட்டால் மூன்றாவதாக ஒரு ஜிப் வாங்கலாம் என்றாள். தலைமை அலுவலகம் வழிதலை அடைப்பதற்கு ஒப்புக்கொண்டது. மூன்றாவது ஜிப்பைத் தள்ளிப்போட்டது.

அடைப்பதற்கு ஒரு சொல்லை மாற்றினால் போதும். 'ஆம்' என்றால் வழியும். 'இல்லை' என்றால் ஜிப்புக்கு உரிய வேலை ஜிப்புக்காகவே காத்திருக்கும். ஜூலை மாதம் அவள் 'இல்லை' என்று போட்டாள். 'ஆம்' என்றே விட்டுவைப்பது நல்லது என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தும்தான் போட்டாள்.

அவள் வளர்ந்த விதத்துக்கு அது இயல்பாகத்தான் வந்திருக்கும். நைனார் என்று ஊரில் அழைக்கப்படும் சமணக் குடும்பம். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டுவார்கள். துணியில் தங்கிய சிற்றுயிர்கள் சாகக் கூடாது என்பதற்காக, துணியை அலசிய நீரை எந்தக் கிணற்றிலிருந்து இறைத்தார்களோ அதே கிணற்றில் மெதுவாக இறக்கி விடுவார்கள். வேறு கிணற்றில் ஊற்ற மாட்டார்கள். இன்று குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. பல வீடுகளில் துணி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அனந்தி பின்கட்டுக் கிணற்றிலிருந்துதான் இன்னும் இறைக்கிறாள், அங்கேயேதான் கொண்டு விடுகிறாள். குழாய்த் தண்ணீரை வடிகட்டும் நாட்களில் மகாவீர் கேலி செய்வார்: இதை எங்கே கொண்டு விடப் போறே, தண்ணித் தொட்டி மேலே ஏறியா? அவள் சொம்பை எடுத்துக்கொண்டு, குழாய்க்குத் தண்ணீர் வருகிற ஏரியின் கரைக்குப் போய்விட்டு வருவாள். எங்கிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும் என்பதில் அவளுக்கு யோசிக்க எதுவும் இருந்ததில்லை.

ஆகஸ்டில் கட்டணம் இறங்கியது. பூபதிக்கு ஆச்சரியம். அவர் திண்டிவனத்துக்காரர், உள்ளதை உள்ளபடி பேசுகிறவர். செப்டம்பர் முப்பது அரையாண்டுக் கணக்கு முடிக்கிற நாள். மறுநாள் ஆயுத பூஜை, அதற்கடுத்த நாளும் விடுமுறை. அதனால் சம்பளம், ஓய்வூதியம், வட்டி எல்லாம் அந்த ஒரே நாளில் வந்து விழும். அந்த நாளை அவளுடைய ஏற்பாடு சிக்கல் இல்லாமல் தாண்டிவிட்டால் அவள் நிரந்தரமாகச் செஞ்சியிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று தலைமை அலுவலகத்தில் எழுதி வாங்கியவர் அவர்தான். தாண்டாவிட்டால் சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருந்தது.

பத்து மணிக்கு அவர் போன் செய்தபோது அனந்தி திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலையின் பாறைகள் வெயிலில் வெளுத்திருந்தன. குரங்குகள் இன்டர்நெட் கேபிளை அறுப்பதால் அவள் இரண்டு இணைப்பு வைத்திருந்தாள். அன்று இரண்டும் சரியாக இருந்தன.

"இன்னாம்மா இது? பொது பிராசஸர் பாதி சும்மா நிக்குது. ஓய்வூதியம் மட்டும் நகரமாட்டேங்குது" என்றார் பூபதி.

அவளுக்கும் அதுதான் விளங்காமல் இருந்தது. ஓய்வூதியத்தைக் கணக்கில் ஏற்றும் நிரல் பொது பிராசஸரில் ஓடுவது. வழிதலை அடைத்ததால் செல்போன் வேலைகள் காத்திருக்கலாம். இது ஏன் காத்திருக்க வேண்டும்? பத்து நிமிஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். நிரல் ஓடுவது பொது பிராசஸரில்தான். ஆனால் அதற்கு அடுத்தடுத்த பதிவுகளை முன்கூட்டியே எடுத்துக் கொடுப்பதும், முடிந்த பதிவுகளை எழுதி வைப்பதும் தரவுத்தளத்தின் வேலை. அந்த எடுபிடி வேலை முழுவதும் ஜிப்புக்கு உரியது. ஜிப் வாசலில் செல்போன் பரிமாற்றங்கள் முட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் இதுவும் நின்றது. எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், கணக்குப் போட வேண்டியவன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். பாதிப் பொது பிராசஸர்கள் பக்கத்திலேயே சும்மா இருந்தும், 'இல்லை' என்ற அவளுடைய ஒரு சொல்லால் அங்கே எதுவும் போக முடியவில்லை. மற்ற மாதங்களில் இந்த அளவு கூட்டம் சேராததால் இது வெளியே தெரியவில்லை.

போனை எடுத்தாள்.

"சார், தப்பு என்னுதுதான். நான் அடைச்சதுதான் அடைச்சிருக்குது."

"அத அப்பறம் பாக்கலாம். இப்ப இன்னா பண்றது?"

அவள் சொன்னாள். முதலில் வழிதலைத் திறக்க வேண்டும். திறந்தால் இன்றைய சுமை பொது பிராசஸர்கள் மேல் விழும், அவை மெதுவானவை என்பதால் திணறும், இந்த மாதக் கட்டணம் ஏறும். அதனால் கூடவே, உறங்குகிற கோர்களில் ஒன்றை ஜிப்பாக எழுப்ப வேண்டும். அவசரத்துக்கு நாள் கணக்கில் எழுப்பிக்கொள்ளும் உரிமை, இயந்திரம் வாங்கியபோதே கையெழுத்தாகி உள்ளே ஏற்றப்பட்டிருக்கிறது. இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை.

"தொறந்துட்டா உன் ஏற்பாடு தோத்துச்சுன்னு நீயே சொல்ற மாதிரி ஆயிடும்" என்றார் பூபதி. "எழுப்பறத மட்டும் பண்ணிப் பாப்போமா? அரை மணி ஆவட்டுமே."

அனந்தி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். ஏ.டி.எம். வரிசை மண்டி வரைக்கும் நீண்டிருந்தது. தனகோட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நாலு பேர் சிரித்தார்கள்.

"நாளைக்கும் மறுநாளும் லீவு சார். தொறந்துடறேன்" என்றாள்.

ஒரு வரிக் கட்டளை. 'இல்லை' 'ஆம்' ஆனது. திரையில் சும்மா நின்ற பொது பிராசஸர்களின் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறி உச்சியில் முட்டின. காத்திருந்த வேலைகளின் வரிசை நகர்ந்தது, ஆனால் ஊர்ந்தது.

பூபதி தன் பக்கத்தில் அனுமதியை அழுத்தினார். சென்னையில் அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. பீரோக் கதவு திறக்கவில்லை. விளக்கு எதுவும் கூடுதலாக எரியவில்லை. தொழிற்சாலையை விட்டு வந்த நாள் முதல் ஒரு கூட்டல் கூடப் போட்டிராத ஒரு கோர், மூன்றாவது ஜிப்பாகப் பட்டியலில் வந்து நின்றது. அனந்தி அதை வேலைக்குச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தாள். அது விழித்த நொடியிலேயே முழு வேகத்தில் ஓடியது. பழகிக்கொள்ள அதற்கு நேரம் தேவைப்படவில்லை. வரிசையின் நீளத்தைக் காட்டும் எண், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து விழுந்தது. ஆயிரங்கள் நூறுகளாகின, நூறுகள் காணாமல் போயின.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மார்ச் மாதம் அந்த டிராயரில் எதைப் பார்த்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். எந்தச் சில்லு என்று தெரியாது. அன்று அவள் விரல் நீட்டியபோது இரண்டங்குல தூரத்தில் அது உறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்குள் கடைசி ஓய்வூதியமும் ஏறிவிட்டது. கீழே தனகோட்டி பணத்தை எடுத்துக்கொண்டு வந்து, மெஷினுக்கு மூச்சு வந்துடுச்சு என்று மகாவீரிடம் அறிவித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டில் அவள் நடந்ததைச் சொன்னாள். மகாவீர் கேட்டுவிட்டு, கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கின வருஷம் துணி அலசின தண்ணீரை ஏரியில்தானே விட்டாய், அன்றைக்கு ஒன்றும் குடி முழுகிப் போகவில்லையே என்றார். அவள் சிரித்தாள். பிறகு சென்னைக்குப் போக வேண்டி வரும் என்றாள். அவர் மோரை ஊற்றிக்கொண்டு, பாப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்குப் பூபதி மறுபடியும் போன் செய்தார். குரலில் உற்சாகம் இருந்தது.

"அனந்திம்மா, லாக் பாத்தியா? காலைல ஒரு கோர் செத்துப் போயிருக்குது. அதுவும் உன் ஜிப்தான்."

இயந்திரம் தானாக எழுதி வைக்கும் அந்தப் பதிவேட்டை அவள் பார்த்திருக்கவில்லை. எடுத்துப் பார்த்தாள். பத்து மணியை ஒட்டி, இரண்டு ஜிப்களில் ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. நின்ற இடத்தில், ஒரு கட்டளையின் நடுவில், அது கையில் வைத்திருந்த எண்கள் அனைத்தும் மாற்றுக் கோருக்குப் போய்ச் சேர்ந்தன. மாற்றுக் கோர் செத்ததின் பெயரையும் வேலையையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அப்போது ஓடிய எந்த நிரலுக்கும் அது தெரியாது. அந்தக் கணத்தில் யாரோ ஒருவருடைய பதிவை அது கையில் வைத்திருந்திருக்கும். தனகோட்டியினுடையதாகக் கூட இருக்கலாம். பாதியில் ஒரு கை ஓய, இன்னொரு கை அதை வாங்கிக்கொண்டது. ஒரு பைசா சிந்தவில்லை. அவள் அந்தத் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இது நடந்திருக்கிறது. அவளுக்கே தெரியவில்லை.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"லைன்ல இருக்கியா?" என்றார் பூபதி. "இது போதும்மா. மெஷின் கோளாறுன்னு ரெண்டு வரி எழுது. ஹெட் ஆபீஸ்ல அதுக்கு மேல ஒருத்தனுக்கும் புரியாது. நீ செஞ்சிலயே இருக்கலாம்."

"வரிசை நிக்க ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியே சார்."

"அது எனக்குத் தெரியாதா? நீயும் நானும்தான் பாக்கறோம்."

"செத்த எடத்துலருந்தே அடுத்தது எடுத்து ஓட்டியிருக்குது. ஒரு கணக்கு தவறல. அது மேல போயி எப்படி சார் எழுதறது?"

"அது இன்னா ஆளா? கோச்சிக்கப் போவுதா?"

"கோச்சிக்காது சார்" என்றாள் அனந்தி. "நான் போட்ட செட்டிங்குதான் காரணம்னு எழுதறேன்" என்றாள்.

பூபதிக்குப் பின்னால் யாரோ கோப்பு கேட்கிற சத்தம் வந்தது. "ஒன்னோட புருசன் என்னைத்தான் திட்டப் போறாரு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடும் வழக்கமில்லை. மகாவீர் மண்டியை அடைத்துவிட்டு மேலே வந்து, சாப்பிட வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். மலையின் நிழல் பஜாரின் ஓட்டுக் கூரைகள் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அனந்தி அறிக்கையை ஒரு பக்கத்தில் முடித்தாள். வழிதலை அடைத்தது, தரவுத்தளத்தின் எடுபிடி வேலையைக் கணக்கில் எடுக்காதது, திறந்தது, எழுப்பியது. கோர் பழுதானதையும் கடைசியில் குறிப்பிட்டாள். அதனால் எந்தத் தாமதமும் ஏற்படவில்லை என்று எழுதினாள். அனுப்பிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆயுத பூஜைக்குச் சென்னையிலிருந்து பூபதி ஒரு படம் அனுப்பினார். மெயின்பிரேமின் கறுப்புக் கதவில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. எந்த கோருக்கு வைப்பது என்று தெரியவில்லை, கதவுக்கு வைத்துவிட்டோம் என்று கீழே எழுதியிருந்தார். அனந்தி அதை மகளுக்குக் காட்டினாள். அது தூங்குதா என்று மகள் கேட்டாள். கொஞ்சம் தூங்குது, கொஞ்சம் முழிச்சிருக்குது என்றாள் அனந்தி.

விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. மூன்றாவது ஜிப்புக்கு நிரந்தர லைசென்ஸ் வாங்க ஒப்புதல் கிடைத்தது. வழிதலை இனி அடைப்பதில்லை என்று முடிவானது. பழுதான கோர் இருந்த பாகம், இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றப்படும். அனந்தி சென்னை அலுவலகத்தில் வந்து சேர வேண்டும்.

அக்டோபர் 6, திங்கட்கிழமை காலை, செஞ்சி பேருந்து நிலையத்தில் தனகோட்டி அனந்திக்கு, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இடம் பிடித்துக் கொடுத்தார். மகாவீர் பையை ஏற்றிவிட்டு மகளோடு கீழே நின்றார். பஸ் திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போனது.